குகை டைவிங்: முதல் லைனிலிருந்து மீட்புக் குழு வரை

சம்பளக் கணக்கை முதலிலேயே பேசி முடித்துவிடலாம். குகை டைவிங் மீட்பாளர் என்ற பதவிக்கு மாதச் சம்பளம் தரும் இடங்கள் உலகத்திலேயே மிக மிகக் குறைவு. 2018 ஜூலை 2 அன்று தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் 12 சிறுவர்களையும் அவர்களுடைய கால்பந்துப் பயிற்சியாளரையும் கண்டுபிடித்த இருவரில் ரிக் ஸ்டான்டன் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர், ஜான் வொலாந்தன் கணினித் துறைக்காரர். சிறுவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்த ரிச்சர்ட் ஹாரிஸ் ஆஸ்திரேலிய மயக்கவியல் மருத்துவர். அவரோடு வந்த கிரெய்க் சாலன் கால்நடை மருத்துவர். புளோரிடாவில் சிக்கிய டைவர்களை உயிரோடு வெளியே கொண்டுவந்ததற்காகப் பேர் பெற்ற எட் சோரன்சன், மரியானா ஊரில் டைவிங் கடை நடத்துகிறவர். எல்லாருக்கும் சோறு போட்டது வேறு தொழில்.

ஆகவே இந்த வழிகாட்டி வேலை தேடுகிறவர்களுக்கு இல்லை. குகை டைவிங்கை ஒழுங்காகக் கற்று, சில ஆண்டுகளில் ஒரு மீட்புக் குழு நம்பிக் கூப்பிடும் நிலைக்கு வர நினைப்பவர்களுக்கு. செலவு உங்களுடையது. பயிற்சி, சாமான், பயணம் எல்லாம் சேர்ந்தால் லட்சங்களில் போகும்.

குகைக்கு வரும் முன்

கடலில் டைவ் செய்யும்போது எது தவறினாலும் மேலே ஒரு வாசல் இருக்கிறது. குகையில் மேலே பாறைதான். வெளியேற ஒரே வழி வந்த வழி. மற்ற எல்லா விதிகளும் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

திறந்த நீர், அட்வான்ஸ்டு, நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலான காற்றுக் கலவை), ரெஸ்க்யூ ஆகிய அடிப்படைப் படிப்புகளைப் புதுச்சேரியிலோ அந்தமானிலோ திருகோணமலையிலோ முடிக்கலாம். சான்றிதழ் கையில் வந்ததும் விமானச் சீட்டு எடுக்காதீர்கள். குகைப் பாடத்துக்குப் போகிறவரிடம் மூன்று விஷயங்கள் ஏற்கெனவே படிந்திருக்க வேண்டும்.

ஒன்று, மிதப்பு. 5 மீட்டர் ஆழத்தில் கையை அசைக்காமல், தரையைத் தொடாமல், மாஸ்க்கைக் கழற்றி மாட்டும்போது அரை மீட்டருக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. இரண்டு, உடம்பின் கிடை. தலை, இடுப்பு, முழங்கால் மூன்றும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். முழங்காலை மடக்கி ஃபின்னை (காலில் மாட்டும் துடுப்பை) மேலே வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று, தவளை உதை. ஃபின்னை மேலும் கீழும் அடித்தால் அந்த நீரோட்டம் தரை வண்டலைக் கிளப்பிவிடும். தவளை உதையின் தள்ளு பின்னோக்கிப் போகும். அதோடு நின்ற இடத்திலேயே திரும்பும் ஹெலிகாப்டர் உதை, பின்னால் நகரும் உதை இரண்டும் வேண்டும். பின்னால் நகரத் தெரியாதவர் குறுகலான இடத்தில் மாட்டினால் கையால் தரையைத் தள்ளித்தான் வெளியே வருவார். அந்தத் தள்ளிலேயே மொத்தக் குழுவும் பார்வையை இழக்கும்.

அமெரிக்காவின் ஷெக் எக்ஸ்லி 1970களில் குகை மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது, செத்தவர்களில் திறந்த நீர் டைவிங் ஆசிரியர்களும் இருந்தார்கள். கடலில் கற்ற தன்னம்பிக்கை குகையில் செல்லாது. புளோரிடாவின் பல குகை வாசல்களில் அரிவாளோடு நிற்கும் எலும்புக்கூட்டுப் படம் போட்ட எச்சரிக்கைப் பலகை வைத்திருப்பது இந்த ஆட்களை நினைத்துத்தான்.

படிப்பின் வரிசை

முதல் படி கேவர்ன், அதாவது குகையின் வாய்ப்பகுதி. இயற்கை வெளிச்சம் தெரியும் தூரம் வரைதான் அனுமதி. ஆழமும் கிடைத்தூரமும் சேர்ந்து நீர்ப்பரப்பிலிருந்து ஏறக்குறைய 60 மீட்டரைத் தாண்டக் கூடாது. இரண்டாம் படி அறிமுகக் குகைப் பாடம். வெளிச்சத்தைத் தாண்டிப் போகலாம், ஆனால் நிலையாகக் கட்டியிருக்கும் பிரதான லைனை (வழிகாட்டும் கயிற்றை) விட்டு எந்தக் கிளையிலும் நுழையக் கூடாது. மூன்றாம் படி முழுக் குகைப் பாடம். கிளைப் பாதைகள், லைன்கள் பிரியும் சந்திகள், சுற்றுப் பாதைகள் எல்லாம் இதில்தான்.

மூன்றையும் ஒரே மூச்சில் எட்டு நாளில் முடித்துத் தருகிறவர்கள் உண்டு. சட்டப்படி தவறில்லை, நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அறிமுகப் பாடத்தோடு நிறுத்தி, அந்த எல்லைக்குள் ஒரு சீசன் டைவ் செய்துவிட்டு மூன்றாம் படிக்கு வருகிறவர்களிடம் தெரியும் நிதானம் எட்டு நாள்காரர்களிடம் அரிது.

படிக்கும் இடங்கள்: மெக்சிகோவின் துலும் சுற்றுவட்டாரத்து செனோட்டேகள் (நீர் நிறைந்த சுண்ணாம்புக் குழிகள்), புளோரிடாவின் ஹை ஸ்பிரிங்ஸ் பகுதி, பிரான்சின் லோத் பள்ளத்தாக்கு, ஆஸ்திரேலியாவின் மவுண்ட் கேம்பியர். மெக்சிகோவில் தண்ணீர் 25 டிகிரி, ஆழம் பெரும்பாலும் 20 மீட்டருக்குள். ஆனால் சுண்ணாம்பு விழுதுகள் நெருக்கமாகத் தொங்கும். நன்னீரும் உப்புநீரும் சந்திக்கும் மட்டத்தில் முன்னே போகிறவர் கலக்கிவிட்டால் பின்னே வருகிறவருக்கு எண்ணெய்க் கண்ணாடி வழியாகப் பார்ப்பது மாதிரி ஆகிவிடும். புளோரிடாவில் 20 முதல் 22 டிகிரி, நீரோட்டம் எதிர்த்துத் தள்ளும். மவுண்ட் கேம்பியரில் 1973இல் ஒரே குழியில் நான்கு பேர் இறந்த பிறகுதான் ஆஸ்திரேலியக் குகை டைவர்கள் சங்கம் உருவாகி, தகுதிப்படிதான் நுழைவு என்ற முறை வந்தது. குகைகளில் பல தனியார் நிலத்தில் இருப்பதால், ஒரு டைவரின் அலட்சியம் அத்தனை பேருக்கும் கேட்டைப் பூட்டிவிடும்.

எங்கே படித்தாலும் முதல் நாள் முதல் வகுப்பு தரையில்தான் நடக்கும். மரத்துக்கு மரம் நைலான் லைனைக் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு அதைப் பிடித்து நடக்க வேண்டும். இதை ஊரிலேயே ஒரு தென்னந்தோப்பில் செய்து பழகிவிட்டுப் போகலாம். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வளையத்துக்குள் லைன் ஓட வேண்டும்; இறுக்கிப் பிடிக்கவோ இழுக்கவோ கூடாது. வழியில் பிளாஸ்டிக் அம்புக்குறி கையில் பட்டால், அதன் கூர்முனை எந்தப் பக்கம் என்பதை விரல் நுனியாலேயே சொல்லத் தெரிய வேண்டும். கூர்முனை எப்போதும் பக்கத்திலுள்ள வாசலைக் காட்டும்.

லைன்

எக்ஸ்லியின் ஆராய்ச்சியிலிருந்து வந்த அடிப்படை விதிகள் எளியவை. பயிற்சி இல்லாமல் போகாதே. வாசலிலிருந்து அறுபடாத ஒரு லைன் வேண்டும். காற்றில் மூன்றில் இரண்டு பங்கை வெளியே வருவதற்கென்று மிச்சம் வை. உன் காற்றுக் கலவை தாங்கும் ஆழத்துக்குக் கீழே போகாதே. ஆளுக்கு மூன்று விளக்கு. இவற்றில் புதியவர்கள் மனப்பாடமாகச் சொல்லிவிட்டு மோசமாகச் செய்வது லைன் வேலைதான். அதனால் அதை விரித்துச் சொல்கிறோம்.

பல குகைகளில் நிலையான லைன் வெளிச்சம் மங்கும் இடத்துக்கு உள்ளேதான் தொடங்கும். கேவர்னில் குளிக்க வருகிறவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விடக் கூடாது என்பதற்காகவே அப்படி. அதுவரை உங்கள் சொந்த ரீலிலிருந்து (லைன் சுற்றிய கைச்சக்கரத்திலிருந்து) லைன் போட வேண்டும்.

1. முதல் கட்டு குகைக்கு வெளியே, தலைக்கு மேல் திறந்த நீர் இருக்கும் இடத்தில். அசையாத பாறையையோ பெரிய மரக்கட்டையையோ சுற்றி, லைன் நுனியிலுள்ள வளையத்துக்குள் ரீலையே நுழைத்து இழுங்கள். கையால் ஒரு முறை பலமாக இழுத்துப் பாருங்கள்.

2. இரண்டாம் கட்டு வாசலுக்குச் சற்று உள்ளே. முதல் கட்டை யாராவது தெரியாமல் அவிழ்த்தாலும் இது நிற்கும்.

3. பிறகு பாதை திரும்பும் இடமெல்லாம் ஒரு சுற்று அல்லது பாறை விளிம்பில் ஒரு சாய்ப்பு. லைன் இறுக்கமாக, பாதையின் ஒரு ஓரமாக, தரைக்குச் சற்று மேலே ஓட வேண்டும்.

4. ரீல் பிடிப்பவர் கட்டும்போது இரண்டாமவர் அந்த இடத்துக்கு வெளிச்சம் காட்டுவார். அவர் முகத்துக்கு இல்லை.

5. நிலையான லைனை அடைந்ததும் ரீல் லைனை அதில் சுற்றிக் கட்டி, ரீலைப் பூட்டி அங்கேயே விட்டுப் போகலாம்.

6. திரும்பும்போது வரிசை தலைகீழ். கடைசியாக வந்தவர் முதலில் வெளியே போவார். ரீல்காரர் கடைசி.

எங்கே தவறுகிறது? ரீலின் சக்கரத்தில் விரலால் லேசான அழுத்தம் வைக்காவிட்டால் லைன் தளர்ந்து குருவிக்கூடு மாதிரிச் சிக்கலாகும். தளர்ந்த லைன் மிதந்து ஃபின் வாரிலோ சிலிண்டர் வால்விலோ சிக்கும். இதைவிட ஆபத்தானது லைன் பொறி. பாதை வளையும் இடத்தில் கட்டாமல் போனால், இழுவிசையில் லைன் உள்வளைவுக்கு நகர்ந்து, ஆள் நுழைய முடியாத பிளவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வெளிச்சத்தில் பார்த்தால் பிரச்சினையே தெரியாது. வண்டல் கிளம்பி, கண் தெரியாமல் லைனைப் பிடித்து வரும்போது கை பிளவுக்குள் போகும், தலை பாறையில் முட்டும். ஒவ்வொரு வளைவிலும் கட்டிவிட்டு, "கண் மூடினால் என் உடம்பு இந்த லைன் போகும் இடத்தில் நுழையுமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

லைனில் சிக்கிவிட்டால் திரும்பிப் பார்க்காதீர்கள். திரும்பினால் இன்னொரு சுற்று விழும். நின்று, கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவுங்கள். முடியாவிட்டால் கூட டைவ் செய்யும் துணைவரை விளக்கால் கூப்பிடுங்கள். வெட்டுவது கடைசி வழி. வெட்டும் முன் இரண்டு பக்கத்தையும் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், அல்லது வெட்டப்போகும் இடத்தைத் தாண்டி ஒரு ஸ்பூல் (சிறிய லைன் சுருள்) லைனால் பாலம் கட்டுங்கள். வெட்டிய பின் வாசல் பக்கத்து நுனி கையை விட்டு நழுவினால் கதை வேறு. கத்தி சிறியதாக, இடுப்பு வாரிலோ முன்கையிலோ இருக்கட்டும். கெண்டைக்காலில் கட்டும் பெரிய கத்திதான் முதலில் லைனில் மாட்டும் சாமான்.

கிளைப் பாதைக்குள் போகும்போது பிரதான லைனிலிருந்து கிளை லைன் வரை ஸ்பூலால் இணைத்து, வாசல் பக்கம் பார்த்த அம்புக்குறியும் குழு ஒவ்வொருவரின் தனிக் குறியும் மாட்டுங்கள். திரும்பும்போது தன் குறியைத் தானே எடுக்க வேண்டும், மற்றவருடையதைத் தொடக் கூடாது. அது இன்னும் அங்கே இருந்தால் அவர் உள்ளே இருக்கிறார் என்று பொருள்.

காற்றுக் கணக்கு

மூன்றில் ஒரு பங்கு உள்ளே போக, ஒரு பங்கு வெளியே வர, ஒரு பங்கு துணைவருக்கு. கணக்குப் போடும் விதம் இது. சிலிண்டரின் அழுத்த மானி 200 பார் (அழுத்த அலகு) காட்டினால், மூன்றால் வகுபடும் கீழ் எண்ணுக்கு இறங்குங்கள்: 180. அதில் மூன்றில் ஒன்று 60. அந்த 60ஐ உண்மையான 200இலிருந்து கழித்தால் 140. மானி 140ஐத் தொட்டதும் திரும்ப வேண்டும். 139 வரை பொறுத்திருந்து பார்க்கும் பேச்சே கிடையாது.

குழுவில் சிலிண்டர் அளவு வேறுபட்டால் பாரில் பேசாமல் லிட்டரில் பேசுங்கள். ஒருவரிடம் 12 லிட்டர் இரட்டைச் சிலிண்டர், 210 பார்: மூன்றில் ஒன்று 70 பார், அதாவது 24 பெருக்கல் 70, 1680 லிட்டர். மற்றவரிடம் 10 லிட்டர் இரட்டை, 200 பார்: 60 பார், 20 பெருக்கல் 60, 1200 லிட்டர். குழுவின் எல்லை 1200 லிட்டர்தான். முதலாமவர் தன் சிலிண்டரில் 1200ஐ 24ஆல் வகுத்து 50 பார் மட்டுமே செலவழித்து 160இல் திரும்ப வேண்டும்.

இனி இந்த விதியின் ஓட்டையைப் பாருங்கள். மிகத் தூரமான இடத்தில் ஒருவருடைய காற்று முழுவதும் போய்விட்டது என்று வையுங்கள். மற்றவரிடம் மூன்றில் இரண்டு பங்கு உண்டு. இருவரும் வந்த வேகத்திலேயே, வந்தபோது இழுத்த அளவே இழுத்தால், வாசலில் மானி பூஜ்யம் காட்டும். ஆனால் காற்று தீர்ந்து மிரண்ட ஆள் சாதாரணமாக மூச்சு விட மாட்டார். மேல்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் 40க்குப் போவார். 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மூன்று மடங்கு என்பதால் அது நிமிடத்துக்கு 120 லிட்டர். வண்டல் கிளம்பி லைனைத் தடவிக்கொண்டு வந்தால் வேகமும் பாதியாகும். மூன்றில் ஒன்று என்பது மேல் வரம்பு, அவ்வளவுதான். அறிமுகப் பாடத்தில் ஆறில் ஒன்று என்று வைத்திருப்பது சும்மா இல்லை: 210 பாரில் 35 மட்டும் செலவழித்து 175இல் திரும்புங்கள். முதல் ஆண்டு அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

நீரோட்டத்தின் திசையும் கணக்கில் வர வேண்டும். ஊற்றுக் குகையில் தண்ணீர் வெளியே வருகிறது. போகும்போது கஷ்டம், வரும்போது உதவி. தண்ணீர் உள்ளே இழுபடும் குகை நேர்மாறு. பத்து நிமிடத்தில் சுகமாகப் போன தூரத்தைத் திரும்பி நீந்த இருபது நிமிடமும் இரட்டைக் காற்றும் ஆகும். புதியவர்கள் அங்கே போகவே வேண்டாம்.

கலவையைப் பற்றி ஒன்றே ஒன்று. ஒவ்வொரு சிலிண்டரையும் நீங்களே அளந்து, கிடைத்த சதவீதத்தையும் அதிகபட்ச ஆழத்தையும் பெரிய எழுத்தில் டேப்பில் எழுதி ஒட்டுங்கள். 32 சதவீத நைட்ராக்ஸுக்கு 33 மீட்டர். மேலே வரும் வழியில் நின்று அழுத்தம் தணிக்க மூச்சிழுக்கும் தூய ஆக்சிஜனுக்கு 6 மீட்டர். ஆக்சிஜன் சிலிண்டரைத் தவறி 30 மீட்டரில் வாயில் வைத்தவருக்கு வலிப்பு வரும், மூச்சுக்கருவியான ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவும், மூழ்குவார். நன்றாகப் பயிற்சி பெற்ற குகை டைவர்களைக் கொன்ற காரணங்களில் இது முன்வரிசையில் இருக்கிறது.

சாமான்: இரண்டிரண்டாக

இரண்டு சிலிண்டர், அவற்றை இணைக்க, நடுவில் பிரித்து மூடும் வால்வோடு கூடிய மேனிஃபோல்டு குழாய். இரண்டு தனித்தனி ரெகுலேட்டர். நீங்கள் மூச்சு விடும் ரெகுலேட்டருக்கு 2 மீட்டர் நீளக் குழாய். காற்று கேட்பவருக்கு அதையே கொடுப்பீர்கள். குறுகலான இடத்தில் இருவர் முன்னும் பின்னுமாக நீந்த அந்த நீளம் தேவை. அப்போது நீங்கள் மூச்சு விடும் இரண்டாவது ரெகுலேட்டர் கழுத்தில் ரப்பர் வளையத்தில் தாடைக்குக் கீழே தொங்கும்.

நீளக் குழாய் வலது வால்வில் இருப்பதற்குக் காரணம் உண்டு. முன்னோக்கி நீந்தும்போது கூரையில் உரசினால் இடது வால்வு மூடும் திசையில் உருளும், வலது வால்வு திறக்கும் திசையில். உரசிய பிறகு ஒவ்வொரு முறையும் கையைப் பின்னால் கொண்டுபோய் இரண்டையும் தொட்டுப் பார்க்க வேண்டும். தோள் வளையாமல் வால்வை எட்ட முடியாதவர் வாரைச் சரிசெய்ய வேண்டும், அல்லது சிலிண்டரைப் பக்கவாட்டில் மாட்டும் சைடுமவுண்டுக்குப் போக வேண்டும்.

விளக்கு ஆளுக்கு மூன்று. பிரதான விளக்கு திட்டமிட்ட நேரத்தைவிட ஒன்றரை மடங்கு எரிய வேண்டும். துணை விளக்கு ஒவ்வொன்றும் தனியாகவே உங்களை வெளியே கொண்டுவரப் போதுமானதாக இருக்க வேண்டும். விளக்கு வெளிச்சம் மட்டுமில்லை, பேச்சும்தான். பாறையில் மெதுவாக வட்டம் போட்டால் எல்லாம் நலம். மெதுவாகப் பக்கவாட்டில் அசைத்தால் கவனி. வேகமாக வெட்டி வெட்டி அசைத்தால் ஆபத்து. காரணமில்லாமல் விளக்கை வீசுகிறவரோடு டைவ் செய்வது தலைவலி. ஒரு மணி நேரம் கழித்து உண்மையான ஆபத்துச் சைகையை யாரும் மதிக்க மாட்டார்கள்.

யாருடைய விளக்கு ஒன்று அணைந்தாலும் மொத்தக் குழுவும் திரும்பும். யார் வேண்டுமானாலும், எந்தக் காரணத்துக்கும், காரணமே சொல்லாமலும் கட்டை விரலை உயர்த்தலாம். உயர்த்தினால் டைவ் முடிந்தது. வெளியே வந்த பிறகும் "ஏன்?" என்று குற்றம் சாட்டும் குரலில் கேட்கக் கூடாது.

இருட்டில் மூன்று பயிற்சிகள்

வண்டல் கிளம்பினால்: உடனே லைனைப் பிடி, துணைவரைத் தொடு. பின்னால் இருப்பவர் முன்னவரின் கையையோ காலையோ பிடித்துக்கொள்வார். முன்னே தள்ளினால் போ, இறுக்கினால் நில், பின்னே இழுத்தால் பின்வாங்கு.

லைன் தொலைந்தால்: நீந்தாதே. அசையாமல் நின்று, விளக்கை மூடித் துணைவரின் வெளிச்சம் தெரிகிறதா என்று பார். தெரியாவிட்டால் பக்கத்துப் பாறையில் ஸ்பூலைக் கட்டு. கடைசியாக லைன் எந்தப் பக்கம் இருந்தது என்று யோசித்து, அந்தத் திசையில் ஸ்பூல் லைனை விட்டபடி கையை மேலும் கீழும் வீசிப் போ. கிடைக்காவிட்டால் கட்டிய இடத்துக்கே திரும்பி வேறு திசை. கட்டாமல் தேடுகிறவர் ஒவ்வொரு நிமிடமும் லைனிலிருந்து இன்னும் தள்ளிப் போகிறார்.

துணைவர் தொலைந்தால்: நிற்கும் இடத்தில் லைனில் அம்புக்குறி மாட்டி, ஒரு துணை விளக்கை எரியவிட்டு அங்கேயே தொங்கவிடு. தேட எவ்வளவு காற்று என்பதை அந்த நொடியிலேயே முடிவுசெய். அந்த எண் வந்ததும் வெளியேறு. இதைச் செய்ய மனம் ஒப்பாது. இரண்டாவது பிணமாகிவிட்டால் முதல் ஆளைப் பற்றிச் சொல்லவும் ஆள் இருக்காது.

மீட்பு என்பது பெரும்பாலும் என்ன

குகையில் காற்று தீர்ந்த டைவருக்கு மணிக்கணக்கில் அவகாசம் கிடையாது. அதனால் அழைப்புகளில் பெரும்பாலானவை உடலை எடுத்துவரும் பணியே. உயிரோடு மீட்பது அவர் காற்றுள்ள அறை எதிலாவது ஏறி உட்கார்ந்திருந்தால்தான் நடக்கும். 2017 ஏப்ரலில் ஸ்பெயினின் மயோர்காவில் சிஸ்கோ கிராசியா, லைன் அறுந்து வண்டலில் வழி தொலைந்து, சா பிகேத்தா குகையின் காற்றறை ஒன்றில் ஏறக்குறைய 60 மணி நேரம் இருந்தார். துணைவர் மிச்சக் காற்றோடு வெளியே போய் ஆள் கொண்டுவந்தார். அந்த அறையில் கார்பன் டை ஆக்சைடு 5 சதவீதம். வெளிக்காற்றில் அது 0.04 சதவீதம்தான். தலைவலியும் இல்லாதது தெரியும் மயக்கமும் வந்தன. காற்றறை கிடைத்தால் தப்பித்தோம் என்று ரெகுலேட்டரைத் துப்பிவிடாதீர்கள். தேடிப் போகிறவரும் முதலில் தன் சிலிண்டரிலேயே மூச்சு விட வேண்டும்.

2019 ஏப்ரலில் டென்னசியின் மில் பாண்டு குகையில் ஜோஷ் பிராட்ச்லி ஒரு நாளுக்கும் மேலாகக் காற்றறையில் இருந்தார். முந்தைய ஆண்டு தாம் லுவாங்கில் உதவிய அதே பிராட்ச்லி. எட் சோரன்சன் புளோரிடாவிலிருந்து வந்து உள்ளே போனபோது அவர் அமைதியாகக் காத்திருந்தார். வெளியே வந்ததும் மருத்துவம் வேண்டாம் என்று சொல்லி, பீட்சா கேட்டார். மீட்பு எளிதானதற்குப் பாதிக் காரணம் மீட்கப்பட்டவரின் நிதானம்.

டைவ் தெரியாதவரைத் தண்ணீர் வழியே கொண்டுவருவது முற்றிலும் வேறு வேலை. தாம் லுவாங்கில் ஒவ்வொரு சிறுவனுக்கும் அல்பிரசோலம் மாத்திரை, கெட்டமின் ஊசி, எச்சில் ஊறாமல் இருக்க அட்ரோபின். கைகள் பின்னால் கட்டப்பட்டன. பாதி மயக்கத்தில் முகக்கவசத்தைப் பிடுங்கிவிடக் கூடாது என்பதற்காக. உள்ளே எப்போதும் கூடுதல் அழுத்தம் இருக்கும் முழுமுகக் கவசம் பொருத்தப்பட்டது. விளிம்பில் கசிந்தாலும் காற்று வெளியே போகுமே தவிர தண்ணீர் உள்ளே வராது. ஒரு சிறுவனுக்கு ஒரு டைவர். மயக்கம் தெளியும்போது வழியிலேயே மறுபடி ஊசி. ஜூலை 8, 9இல் நான்கு நான்கு பேர், 10இல் ஐந்து பேர். அதற்கு முன், ஜூலை 6 அன்று, சிலிண்டர்களை வைத்துவிட்டுத் திரும்பிய தாய்லாந்துக் கடற்படையின் முன்னாள் வீரர் சமான் குனான் இறந்தார்.

அந்தக் குகையில் நீந்தியவர்கள் சிலர். வெளியே வேலை பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில். தண்ணீரை இறைக்கும் வேலையில் இந்தியாவின் கிர்லோஸ்கர் பொறியாளர்களும் இருந்தார்கள். மீட்புக் குழுவில் சேர விரும்புகிற புதியவர் தொடங்க வேண்டிய இடம் இந்த வெளிவேலைதான். சிலிண்டர் நிரப்புவது, கலவை அளப்பது, யார் எத்தனை மணிக்கு எவ்வளவு காற்றோடு இறங்கினார் என்று எழுதுவது, ஆக்சிஜன் கருவியைத் தயாராக வைப்பது. அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் அழைக்கப்படும் சர்வதேச நீர்க்குகை மீட்பு அமைப்பு, பிரிட்டனின் குகை மீட்புக் குழுக்கள் எல்லாமே தன்னார்வலர்களால் ஆனவை. காவல்துறை கேட்டால்தான் வருவார்கள். தாமாகப் போய் இறங்கும் வீரர்களை அவர்கள் சேர்ப்பதில்லை.

நம் ஊர்த் தீயணைப்புத் துறையினர் கிணற்றிலும் கல்குவாரியிலும் கண் தெரியாத தண்ணீரில் தடவித் தேடுகிறார்கள். அவர்களுக்கு மேலே சொன்ன லைன் பாடம் குகை இல்லாமலேயே பயன்படும்.

உடலை எடுக்கும்போது

உயிர் இல்லை என்று உறுதியானால் அவசரம் முடிந்துவிட்டது. இதை மறந்ததன் விலை பெரிது. 2005 ஜனவரி 8 அன்று தென்னாப்பிரிக்காவின் போஸ்மான்ஸ்காட் நீர்க்குகையில், 1994இல் இறந்த டியான் டிரேயரின் உடலை எடுக்க டேவ் ஷா 270 மீட்டர் இறங்கினார். உடல் தரையில் கிடக்கும் என்பது திட்டம். அது விடுபட்டு மிதக்கத் தொடங்கியது, லைன் சிக்கியது, அந்த ஆழத்தில் உடம்பை வருத்தியதால் கார்பன் டை ஆக்சைடு ஏறி அவரும் இறந்தார். திட்டத்தில் இல்லாத ஒன்று நடந்த நொடியில் திரும்ப வேண்டும். நார்வேயின் புளூரா குகையில் 2014 பிப்ரவரியில் இரண்டு ஃபின்லாந்து டைவர்கள் இறந்தபோது, ஆபத்து அதிகம் என்று அதிகாரபூர்வ முயற்சி கைவிடப்பட்டது. அவர்களுடைய நண்பர்கள் பல வாரம் தயாரித்துக்கொண்டு மார்ச்சில் போய் எடுத்துவந்தார்கள். அந்தத் தயாரிப்புக் காலம்தான் கவனிக்க வேண்டியது.

முதல் டைவில் எதையும் நகர்த்தாதீர்கள். பார்த்து, படம் எடுத்து, எழுதிக்கொண்டு வாருங்கள்: உடலின் நிலை, லைனிலிருந்து எவ்வளவு தூரம், எந்த ரெகுலேட்டர் வாயில் அல்லது வாய்க்கு அருகில், இரண்டு மானிகளின் அளவு, எந்த விளக்கு எரிகிறது, ரீல் பூட்டியா திறந்தா. வால்வு எத்தனை சுற்று திறந்திருக்கிறது என்பதை மூடும்போது எண்ணி எழுத வேண்டும். எண்ணாமல் மூடிவிட்டால் இடது வால்வு உருண்டு மூடியதா என்ற கேள்விக்கு ஒருபோதும் பதில் கிடைக்காது.

இரண்டாம் டைவில் எடுப்பவர் ஒருவர், லைனையும் காற்றையும் பார்ப்பவர் ஒருவர். உடலின் மிதப்பைச் சரிசெய்ய அதன் உடுப்பிலுள்ள காற்றை வெளியேற்ற வேண்டியிருக்கும். மேலே வரும்போது அது விரிந்து உங்களையும் கூரைக்கு இழுத்துப் போகும். குறுகலான இடத்தில் உடல் முன்னே, நீங்கள் பின்னே என்று போகாதீர்கள். சிக்கினால் உங்கள் வாசல் அடைபடும்.

மேலே வந்ததும் சாமான் அத்தனையும் சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்றோடு காவல்துறையிடம் போக வேண்டும். கழுவாதீர்கள், பிரிக்காதீர்கள், யாரும் அதில் மூச்சு விட்டுப் பார்க்க வேண்டாம். கலவையை ஆய்வகம் அளக்கட்டும். டைவ் கணினியின் பட்டனைக் கூட அழுத்தாதீர்கள். எடுத்த படங்கள் விசாரணை அதிகாரிக்கு மட்டும். குடும்பத்தினரிடம் பேசுவது அதிகாரியின் வேலை. அவர்கள் உங்களைத் தேடி வந்து கேட்டால், பார்த்ததை மட்டும் சொல்லுங்கள், காரணத்தை ஊகிக்காதீர்கள். குழுவினர் அன்று இரவு தனித்தனியாக அறைக்குப் போகாமல் ஒன்றாகச் சாப்பிட்டு, நடந்ததை வரிசையாகப் பேசி, அறிக்கையை அன்றைக்கே எழுதிவிடுவது நல்லது. மறுநாள் ஆளுக்கொரு நினைவு இருக்கும்.